சனிக்கிழமை அறிவியல் வகுப்பும் ஒரு சஸ்பென்ஸ் கணக்கும்

(தேசிய அறிவியல் நாளை ஒட்டி நம் சமுதாயக் கூடத்தில் நடந்த கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நேரம் போதாமல் விட்டுப்போன சில விவரங்களைச் சேர்த்திருக்கிறேன்.)



அறிவியல் நாளில் பேச என்னைக் கூப்பிட்டதில் உங்களில் சிலருக்கு ஆச்சரியம் இருக்கும். எனக்கும் இருந்தது. நான் படித்தது பி.காம். வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து 36 வருடம் கவுன்ட்டரிலும் லெட்ஜரிலும் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவன். அறிவியலுக்கும் எனக்குமான தொடர்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு முடிந்துபோனது.

இந்த நாளுக்குக் காரணமான சர் சி.வி. ராமனின் கதையில் எனக்குப் பிடித்த ஒரு பகுதி உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ராமன், 1907இல் தன் 18ஆவது வயதில் அரசு நிதித்துறையில் சேர்ந்தார். கல்கத்தாவில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரல். பகலெல்லாம் கணக்கு. அலுவலக நேரம் போக மிச்ச நேரத்தில் பவ்பஜார் தெருவில் இருந்த அறிவியல் சங்கத்தின் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சோதனைகள் செய்வார். இப்படிப் பத்து வருடம் ஓடியது. 1917இல்தான் வேலையை விட்டுப் பேராசிரியர் ஆனார். 1928 பிப்ரவரி 28ஆம் தேதிக் கண்டுபிடிப்பு அதற்குப் பிறகு வந்தது. அவரோடு என்னை ஒப்பிடவில்லை, தயவுசெய்து சிரிக்காதீர்கள். கணக்கு எழுதுகிறவனுக்கும் அறிவியலுக்கும் ஜென்மப் பகை ஒன்றும் இல்லை என்று சொல்வதற்காகச் சொன்னேன்.

வகுப்பு எப்படி ஆரம்பித்தது

மூன்று வருடத்துக்கு முன்னால் பி பிளாக்கில் ஆறாவது படிக்கும் ஒரு பையன், பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் என்னிடம் வந்தான். அவன் அப்பா அம்மா இருவரும் வேலையிலிருந்து திரும்பவில்லை. "அங்கிள், கேள்வி கேக்கறீங்களா? நான் ஒப்பிக்கறேன்" என்றான். ஒப்பித்தான். ஒரு எழுத்துப் பிசகவில்லை. காற்றுக்கு எடை உண்டு என்று சொன்னான். "அப்படியா, எப்படித் தெரியும்?" என்று சும்மா கேட்டேன். "புக்ல போட்டிருக்கு அங்கிள்" என்றான். எனக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. இருவரும் ஒரு துடைப்பக் குச்சியின் நடுவில் நூல் கட்டி, இரண்டு முனையிலும் ஊதின பலூனைத் தொங்கவிட்டு, ஒன்றை மட்டும் ஊசியால் குத்தினோம். காற்றிருந்த பலூன் பக்கம் குச்சி சாய்ந்தது. அவன் முகத்தைப் பார்த்தபோது, பத்து பைசா வித்தியாசத்தை ராத்திரி ஒன்பது மணிக்குக் கண்டுபிடித்த கேஷியர் முகம் ஞாபகம் வந்தது.

அடுத்த வாரம் அவன் இரண்டு பேரைக் கூட்டி வந்தான். அதற்கடுத்த வாரம் ஐந்து பேர். எங்கள் சாப்பாட்டு மேஜை போதவில்லை. என் மனைவியின் பொறுமையும் போதவில்லை. சங்கத்திடம் கேட்டு சனிக்கிழமை நாலு மணி முதல் ஐந்தரை வரை இந்தக் கூடத்தை வாங்கிக்கொண்டோம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும். இந்த வயதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒன்பதாவது வந்துவிட்டால் டியூஷன் இழுத்துக்கொள்கிறது. ஐந்தாவதுக்குக் கீழே என்றால் என்னால் பின்னால் ஓட முடியாது. பதினொன்றிலிருந்து பதிமூன்று வரையிலான அந்த மூன்று வருடத்தில்தான், பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே, நிஜமாகவா என்று மனசுக்குள் கணக்கும் போடுகிறார்கள்.

நம் குடியிருப்புப் பிள்ளைகளோடு பின் தெருவிலிருந்தும் சிலர் வந்தார்கள். இங்கே வீட்டு வேலை செய்பவர்களின் பிள்ளைகள், வாட்ச்மேனின் பையன், இஸ்திரி போடுபவரின் பையன். அவர்களில் ஏழாவது படிக்கும் ஒரு பெண்ணைப் பற்றித்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வேண்டும். அதைவிட, நான் செய்த ஒரு தவறைப் பற்றி.

மெழுகுவத்தி

உங்களில் பலர் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். ஒரு தட்டில் தண்ணீர். நடுவில் எரியும் மெழுகுவத்தி. அதன் மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் கொஞ்ச நேரத்தில் சுடர் அணைந்துவிடும். தட்டிலிருக்கும் தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். மிகப் பழைய சோதனை இது. பைசான்டியம் ஊரைச் சேர்ந்த ஃபைலோ என்ற கிரேக்கர் 2000 வருடங்களுக்கு முன்பே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

ஏன் ஏறுகிறது? எனக்குச் சொல்லித் தந்த பதில் இது: காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். மெழுகுவத்தி அதைத் தின்றுவிட்டது. காலியான இடத்துக்குத் தண்ணீர் போகிறது. ஆகவே ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்குத் தண்ணீர் ஏறும்.

கணக்குக்காரனுக்கு இதைவிட அழகான பதில் கிடைக்குமா? டம்ளரில் மார்க்கர் பேனாவால் ஐந்து பாகம் கோடு போட்டுக் கொண்டுவந்தேன். செய்தோம். முதல் தடவை முதல் கோட்டுக்குக் கீழேயே நின்றது. இரண்டாம் தடவை கோட்டைத் தாண்டியது. "கிட்டத்தட்ட சரியா இருக்கு பாருங்க" என்று சொல்லி, போர்டில் ஐந்தில் ஒரு பங்கு என்று எழுதினேன்.

அப்போது அந்தப் பெண் எழுந்தாள். "சார், எரியும்போது தண்ணி ஏறல சார். அணைஞ்சப்புறம்தான் சட்டுனு ஏறிச்சு. எரியும்போது ஆக்சிஜனைத் தின்னுச்சுன்னா அப்பவே கொஞ்சம் கொஞ்சமா ஏறணும்ல சார்?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அப்படியா, மறுபடி பார்ப்போம்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "அதெல்லாம் அப்படித்தாம்மா. போர்டுல இருக்கறதை எழுது." குரலும் கொஞ்சம் உயர்ந்திருக்கும். மணி ஐந்தரை ஆகிக்கொண்டிருந்தது, அடுத்து யோகா வகுப்புக்காரர்கள் வாசலில் நின்றார்கள் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம், பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூச்சம்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவள் அம்மா பி பிளாக்கில் இரண்டு வீட்டில் வேலை செய்கிறவர். படிக்கட்டில் பார்த்தபோது என் மனைவி விசாரித்தாள். "அவளுக்கு ஒண்ணும் புரியலையாம்மா. தப்புத் தப்பா கேக்கறாளாம். சார் கோவிச்சுக்கிட்டாராம். சயின்ஸெல்லாம் நமக்கு வராதுன்னு சொல்லுறா" என்றாராம்.

இதைக் கேட்டபோது ஏற்பட்ட சங்கடத்தை உங்களிடம் எப்படிச் சொல்வது? அத்தனை பிள்ளைகளில் சரியாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவள்தான் தனக்கு அறிவியல் வராது என்று முடிவுக்கு வந்திருக்கிறாள். அந்த முடிவுக்கு வரவழைத்தது நான்.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறந்தநாள் கேக்கில் குத்தும் சின்ன மெழுகுவத்திகள் வீட்டில் இருந்தன. ஒன்றை ஏற்றிப் பார்த்தேன். அவள் சொன்னதுபோலத்தான், எரியும்போது ஏறவில்லை, அணைந்த பிறகு ஏறியது. பிறகு அதே டம்ளர், அதே தண்ணீர், இரண்டு மெழுகுவத்தி. தண்ணீர் கூடுதலாக ஏறியது. மூன்று வைத்தேன். இன்னும் ஏறியது. டம்ளர் அதேதான், அதற்குள் இருக்கும் ஆக்சிஜனும் அதேதான். மூன்று பேர் பங்கு போட்டுத் தின்றால் ஐந்தில் ஒரு பங்கு எப்படி அதிகமாகும்? என் கணக்கு உடைந்துபோனது.

டி பிளாக்கில் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் இருக்கிறார். மறுநாள் காலையிலேயே போய்க் கதவைத் தட்டினேன். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சுடருக்கு மேல் டம்ளரைக் கவிழ்க்கும்போதே உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிகிறது. கொஞ்சம் காற்று வெளியே போய்விடுகிறது. கவனித்துப் பார்த்தால் விளிம்பில் குமிழி வருவது தெரியும். சுடர் அணைந்ததும் மிச்சமிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளியிலிருக்கும் காற்று தட்டிலுள்ள தண்ணீரை அழுத்தி டம்ளருக்குள் ஏற்றுகிறது. அதனால்தான் அணைந்த பிறகு சட்டென்று ஏற்றம். மெழுகுவத்தி கூடினால் சூடு கூடும், ஏற்றமும் கூடும். ஆக்சிஜன் செலவாவது உண்மைதான். ஆனால் எல்லாம் செலவாவதில்லை. சுடர் அணையும்போதும் உள்ளே ஆக்சிஜனில் பெரும்பகுதி மிச்சம் இருக்கிறது. செலவானதுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வந்து இடத்தை அடைத்துக்கொள்கின்றன. நீராவி குளிர்ந்து தண்ணீராவதும் கொஞ்சம் இடத்தைக் காலி செய்யும். முக்கியமான பங்கு சூட்டுக்குத்தான்.

வங்கியில் ஒரு வழக்கம் உண்டு. தப்பாக எழுதிய பதிவை அழிக்கக் கூடாது. எந்தப் புத்தகத்தில் தப்பு நடந்ததோ அதே புத்தகத்தில், எல்லோருக்கும் தெரிய, எதிர்ப்பதிவு போட வேண்டும். எல்லோர் முன்னாலும் தப்பாகச் சொன்னதை அந்தப் பெண்ணிடம் மட்டும் தனியாகச் சரிசெய்தால் கணக்கு நேராகாது. அவள் அம்மாவிடம் சொல்லி, "இந்த ஒரு தடவை மட்டும் அனுப்புங்க" என்று கேட்டுக்கொண்டேன். சனிக்கிழமை வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் மூன்று மெழுகுவத்தியை ஏற்றிக் காட்டிவிட்டு, "அன்னைக்கு இவங்க கேட்டதுதான் சரி. நான் சொன்னது தப்பு. தெரியாம சொன்னேன், தெரியலன்னு ஒத்துக்கவும் இல்ல. மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

கூடம் அமைதியாக இருந்தது. அவள் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "சார், வெந்நீர்ல கழுவின டம்ளரைக் கவுத்து வெச்சா மேடையில ஒட்டிக்குமே, அதுவும் இதானா?"

அம்மாவுக்கு ஒத்தாசையாகப் பாத்திரம் கழுவுகிறவள். கிரானைட் மேடையில் டம்ளர் ஒட்டிக்கொள்வதைப் பல நாள் பார்த்திருக்கிறாள். எங்கள் வீட்டு மேடையிலும் ஒட்டியிருக்கும், நான் பார்த்ததில்லை. உடனே சமையலறையிலிருந்து கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வரவழைத்தோம். கண்ணாடி டம்ளரை அதில் நன்றாக அலசி, கொட்டிவிட்டு, தட்டுத் தண்ணீரில் கவிழ்த்தோம். மெழுகுவத்தியே இல்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மெல்ல உள்ளே ஏறியது. எரிதல் இல்லாமலே ஏறுகிறது என்று காட்டிவிட்டாள். எனக்கு அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

அழிரப்பர் இல்லாத நோட்டு

அன்றிலிருந்து வகுப்பின் முறையை மாற்றினேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழிலிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு. பக்கத்தில் நாலு பத்தி. என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், என்ன செய்தோம், என்ன பார்த்தேன், சஸ்பென்ஸ். முதல் பத்தியைச் சோதனைக்கு முன்பே எழுதிவிட வேண்டும். பேனாவால்தான் எழுத வேண்டும். அழிரப்பருக்கும் வெள்ளை மைக்கும் அனுமதி இல்லை. தப்பாகிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அடித்தது என்ன என்று படிக்கத் தெரிய வேண்டும். லெட்ஜரில் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

ஆரம்பத்தில் பிள்ளைகளுக்கு இது பெரிய கஷ்டமாக இருந்தது. குறிப்பாக முதல் ரேங்க் எடுக்கும் பிள்ளைகளுக்கு. பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவார்கள், சோதனை முடிந்த பிறகு முதல் பத்தியை நிரப்புவார்கள். தப்பாக நினைத்தது நோட்டில் இருந்தால் அவமானம் என்று பயம். என் நோட்டைக் காட்டினேன். அதில் அவர்கள் நோட்டில் இருப்பதைவிட அதிக அடித்தல் இருந்தது. பிறகு பயம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

நாலாவது பத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வங்கியில் ஒரு தொகை எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், நமக்குத் தோன்றிய கணக்கில் அதைப் போட்டு நேராக்கிவிடக் கூடாது. சஸ்பென்ஸ் கணக்கில் தேதி, விவரத்தோடு எழுதிவைக்க வேண்டும். காரணம் கிடைத்த பிறகுதான் உரிய கணக்குக்கு மாற்ற வேண்டும். ஆடிட்டுக்கு வருகிறவர் முதலில் கேட்கும் புத்தகங்களில் அதுவும் ஒன்று. வித்தியாசத்தை எப்படியாவது ஒப்பேற்றி நேராக்குகிறவனைவிட, வித்தியாசத்தை அப்படியே எழுதிவைக்கிறவன் நல்ல கிளார்க். மெழுகுவத்தி விஷயத்தில் நான் செய்தது ஒப்பேற்றியது. கோட்டைத் தாண்டியதையும் கோட்டுக்குக் கீழே நின்றதையும் "கிட்டத்தட்ட" என்று சொல்லி ஐந்தில் ஒரு பங்காக்கினேன். 36 வருடம் ஆபீஸில் ஒருநாளும் செய்யாத காரியத்தைக் குழந்தைகள் முன்னால் செய்தேன்.

இப்போது பிள்ளைகளின் சஸ்பென்ஸ் பத்தியில் என்னென்ன இருக்கிறது தெரியுமா? லிஃப்ட் கீழே கிளம்பும்போது வயிறு ஏன் குறுகுறுக்கிறது. பகலில் ஏன் நிலா தெரிகிறது. தரைத்தளக் குழாயில் தண்ணீர் ஏன் வேகமாக வருகிறது, நாலாவது மாடியில் ஏன் வேகம் இல்லை. மாதத்தின் கடைசி சனிக்கிழமை அந்தப் பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்கிறோம். சஸ்பென்ஸில் போட்டுவிட்டு மறந்துபோவதும் குற்றம்தானே.

நிழல் தெற்கே விழுந்தது

அந்தப் பத்தி என்னையே ஒரு தடவை காப்பாற்றியது. போன வருடத்துக்கு முந்தைய ஜூனில், பள்ளி திறந்தவுடன் மொட்டைமாடியில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு பி.வி.சி. பைப்பை நேராக நிறுத்தினோம். வாராவாரம் பகல் பன்னிரண்டு மணி தாண்டி, நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரத்தில் அதன் நுனியில் சாக்பீஸால் குறி போட்டு அளக்க வேண்டும். இரண்டிரண்டு பேராக ஷிஃப்ட் போட்டுக் கொடுத்தேன்.

முதல் வாரமே வந்து, நிழல் 18 சென்டிமீட்டர், தெற்கே விழுகிறது என்றார்கள். எனக்குத் தெரிந்தவரை நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிறோம், சூரியன் நமக்குத் தெற்கேதான் இருக்க வேண்டும், நிழல் வடக்கே விழ வேண்டும். "திசையை மாத்திப் பாத்திருப்பீங்க" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. மெழுகுவத்தி ஞாபகம் வந்ததால் நிறுத்திக்கொண்டு, "சஸ்பென்ஸ்ல எழுதுங்க" என்றேன்.

ஜூலையில் நிழல் குறைந்துகொண்டே வந்தது. ஆகஸ்ட் நடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. செப்டம்பரில் வடக்கே விழ ஆரம்பித்தது. டிசம்பரில் 74 சென்டிமீட்டருக்கு நீண்டது. அதற்குள் எங்களுக்கே விடை தெரிந்துவிட்டது. சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 13 டிகிரியில் இருக்கிறது. ஜூனில் சூரியன் இருபத்துமூன்றரை டிகிரி வடக்கு வரை போகிறது. அதாவது நம்மைத் தாண்டிப் போய்விடுகிறது. போகும்போது ஒரு நாள், திரும்பும்போது ஒரு நாள், வருடத்தில் இரண்டே நாள்தான் நடுப்பகலில் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. சென்னைக்கு அது ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். இடைப்பட்ட நாட்களில் நடுப்பகல் நிழல் தெற்கே விழும். தினமும் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் உச்சியில் இருக்கும் என்று 60 வருடமாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

இதைச் சொன்னபோது சி பிளாக் பாட்டி ஒருவர் சிரித்தார். "இதுக்கா ஆறு மாசம்? எங்க வடக்குப் பால்கனியில சித்திரை வைகாசியிலதான் வெயில் எட்டிப் பாக்கும், அப்பத்தான் வடாம் போடுவேன். மார்கழியில அங்க துணிகூடக் காயாதே" என்றார். உண்மைதான். அவர் பால்கனியில் வருடா வருடம் இருந்த விஷயம்தான் எங்கள் மாடியில் சாக்பீஸ் குறியாக வந்தது. ஒரு பையன் டெல்லியிலிருக்கும் பெரியப்பா மகனையும் அளக்கச் சொன்னான். டெல்லியில் நடுப்பகல் நிழல் எந்த மாதமும் வடக்கேதான். சூரியன் அவ்வளவு வடக்கே போவதில்லை.

போன ஏப்ரல் 24 அன்று உங்களில் பலர் மாடிக்கு வந்திருந்தீர்கள். 12 மணி 7 நிமிடத்துக்கு அந்தப் பைப்பின் நிழல் பைப்புக்குள்ளேயே போய்விட்டது. தண்ணீர் பாட்டில், டம்ளர், பிரஷர் குக்கர் வெயிட் என்று எதை எதையோ நிறுத்திவைத்துப் பார்த்தார்கள். வாட்ச்மேன் தன் லத்தியை நிறுத்திப் பார்த்தார்.

நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த முறை இல்லை

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் இதேபோல ஒரு திட்டம் தொடங்கினார்கள். நம் பிள்ளைகளைப் போல ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள்தான். கிராமத்துப் பள்ளிகள். ஆய்வுக்கூடம் கிடையாது. கையில் கிடைத்த பொருளை வைத்துக் குழந்தைகள் தாங்களே செய்து, பார்த்து, எழுதி, பேசி முடிவுக்கு வர வேண்டும். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. குழந்தைகள் தங்கள் சந்தேகங்களை சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதுவார்கள், பதில் வரும். நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய இந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. தீப்பெட்டிக் குச்சியிலும் சைக்கிள் வால்வு ட்யூபிலும் பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தாவின் முதல் புத்தகம் அங்கே செய்த வேலையிலிருந்து வந்ததுதான். ஐ.ஐ.டி.யில் படித்தவர். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் ஊரில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் சிறுவர்களுக்காக துளிர் என்ற மாத இதழ் நடத்துகிறது. நம் வாசிப்பறையில் போட்டால் நன்றாக இருக்கும்.

பெற்றோர் கேட்கும் கேள்வி

"மார்க் ஏறுமா சார்?" நேர்மையான பதில்: சிலருக்கு ஏறியிருக்கிறது, சிலருக்கு ஏறவில்லை. அதற்கு உத்தரவாதம் தர முடியாது.

இதைவிடக் கஷ்டமான கேள்வியை அந்தப் பெண் கேட்டாள். "பரீட்சையில மெழுகுவத்திக் கேள்வி வந்தா எதை எழுதறது சார்?" யோசித்துவிட்டு, "உங்க டீச்சர்கிட்ட மரியாதையா செஞ்சு காட்டும்மா, அவங்க சொல்றபடி எழுது" என்றேன். மூன்று மெழுகுவத்தியும் ஒரு டம்ளரும் எடுத்துக்கொண்டு போனாள். அவள் டீச்சர் வகுப்பிலேயே செய்யச் சொல்லி, எல்லோரையும் சுற்றி நிற்கவைத்துப் பார்க்கவைத்தாராம். அந்த ஆசிரியைக்கு என் வணக்கம். நாற்பது பேரை வைத்துக்கொண்டு, பாடத்தையும் முடிக்க வேண்டிய இடத்தில் அவர் அதைச் செய்தார். இருபது பேரை வைத்துக்கொண்டு, எந்தப் பாடமும் முடிக்க வேண்டாத இடத்தில் நான் செய்யவில்லை.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குழந்தை கேள்வி கேட்டால், தெரியாவிட்டால், "தெரியல, பாக்கலாம்" என்று சொல்லுங்கள். உடனே ஃபோனை எடுக்காதீர்கள். முதலில் அதுவே என்ன நினைக்கிறது என்று கேளுங்கள். அரை மணி நேரம் கழித்து ஃபோனைப் பார்த்தாலும் பதில் ஓடிப்போகாது. "போய்ப் படி" என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், அதன் விலை எனக்குத் தெரியும்.

என் வேண்டுகோள்

அடுத்த மாதம் பொதுக்குழு. வெளிப்பிள்ளைகளுக்குக் கூடத்தைக் கொடுக்கலாமா என்பது அதில் வருகிறது. கேட்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறவர்கள் கேட்கத்தான் வேண்டும். பாதுகாப்பைப் பற்றிய கவலையும் நியாயமானது. அதனால் என் யோசனைகளைச் சொல்லிவிடுகிறேன். வரும் பிள்ளைகள் எல்லோரும், நம் பிள்ளைகள் உட்பட, கேட்டில் கையெழுத்துப் போடட்டும். நேரம் நாலு முதல் ஐந்தரை, ஒரு நிமிடம் கூடாது. என்னோடு இன்னொரு பெரியவர் எப்போதும் இருக்க வேண்டும். நெருப்பை நாங்கள்தான் பற்றவைப்போம். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதும் எழுதிய விதி. மின்சாரத்துக்கும் விளக்குக்கும் ஆகும் செலவை நான் தருகிறேன்.

ஆனால் ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் டம்ளர் மேடையில் ஒட்டிக்கொள்ளும் என்பது நம் பிள்ளைகள் யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் டம்ளர் கழுவியதில்லை. அந்தப் பெண் இல்லாவிட்டால் எங்கள் வகுப்பு இன்றும் ஐந்தில் ஒரு பங்கு என்று எழுதிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு நாம் இடம் கொடுக்கிறோம் என்று மட்டும் பார்த்தால் வரவுப் பக்கம் விட்டுப்போகிறது.

இரண்டாவது வேண்டுகோள், ஆட்கள் வேண்டும். பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. நம் பிளம்பர் ஒருநாள் வந்து சம்ப், மேல்தொட்டி, குழாய் என்று சுற்றிக் காட்டினார். நாலாவது மாடிக் குழாய் விஷயம் சஸ்பென்ஸிலிருந்து வெளியே வந்தது. மேல்தொட்டித் தண்ணீருக்கும் அந்தக் குழாய்க்கும் இடையில் உயரம் குறைவு, தரைத்தளத்துக்கு உயரம் அதிகம், அதனால் அழுத்தமும் அதிகம். ஓய்வு பெற்ற நர்ஸ், கார் மெக்கானிக், தையல் தெரிந்தவர், யாராக இருந்தாலும் சரி. ஒரே நிபந்தனை: தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். அதற்கு என்னிடம் பயிற்சி கிடைக்கும்.

எட்டாவதுக்கு வந்துவிட்ட அந்தப் பெண் இப்போது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகளைச் சரிபார்க்கிறாள். அடித்த இடத்தில் கையெழுத்து இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். போன வாரம் என் நோட்டையும் திருப்பிக் கொடுத்தாள்.

வரும் சனிக்கிழமை பகல் நிலாவை எடுத்துக்கொள்கிறோம். நிலா வளர்வதும் தேய்வதும் பூமியின் நிழல் விழுவதால் என்று நினைக்கிறவர்கள் இங்கே எத்தனை பேர்? பாதிப் பேர் கை தூக்குகிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சூரியனும் நிலாவும் ஒரே நேரத்தில் வானத்தில் இருக்கும்போது பூமியின் நிழல் எங்கே விழும் என்று யோசித்துக்கொண்டே, ஒரு எலுமிச்சம்பழத்தோடு வாருங்கள். முதலில் நோட்டில் நினைத்ததை எழுத வேண்டும். பேனாவால்.